போர் தண்ணீரில் மீன் வளர்ப்பு: பிஎச் 8-ஐத் தாண்டினால் என்ன செய்வது?

புதிதாக மீன் தொட்டி வைப்பவர் முதலில் வாங்கும் சோதனைக் கருவி பெரும்பாலும் பிஎச் அளப்பதாகவே இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை, அதாவது நாம் போர் தண்ணீர் என்று சொல்வதை, நிரப்பிய தொட்டியில் அளந்தால் 8-ஐத் தாண்டிய எண் வருவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் சாதாரணம். நன்னீர் மீன்களுக்கு 7 தான் சரியான அளவு என்று எங்கோ படித்திருப்பதால் அந்த எண் கவலை தருகிறது. உடனே கடைக்குச் சென்று பிஎச் குறைக்கும் திரவம் ஒன்றை வாங்கி வந்து சில சொட்டுகள் விடுகிறார்கள், அளவு 7.2-க்கு இறங்குகிறது, மறுநாள் காலையில் மீண்டும் 8.2-இல் நிற்கிறது. மறுபடியும் சொட்டு, மறுபடியும் ஏற்றம். நான்கைந்து நாள் இப்படிக் கழிந்தபின் மீன்கள் சாகத் தொடங்கினால், பழி போர் தண்ணீரின் மேல் விழுகிறது. என் கணிப்பில், கூடுதல் பிஎச்சால் செத்த மீன்களைவிட அதைக் குறைக்கப்போய்ச் செத்த மீன்களே அதிகம்.

இறக்கிய பிஎச் ஏன் ஒரே இரவில் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பது புரிந்துவிட்டால், எப்போது அதை அப்படியே விட்டுவிடலாம், எப்போது குறைத்தாக வேண்டும், குறைப்பதானால் எப்படிக் குறைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

நீரில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு செறிவாக உள்ளன என்பதைச் சுருக்கமான எண்ணாகச் சொல்லும் அளவீடுதான் பிஎச். டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் சோரன்சன் 1909-இல் இதை அறிமுகப்படுத்தினார். அப்போது அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வுக்கூடத்தில். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பது பள்ளியில் படித்ததுதான். பலரும் மறந்துவிடுவது, இது மடக்கை அளவுகோல் என்பதை. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கிறது. 8.2-இல் இருந்த தொட்டியைச் சொட்டு மருந்தால் 7.2-க்கு இறக்கினால், நீரின் அமில அயனிச் செறிவை நிமிடங்களில் பத்து மடங்கு உயர்த்திவிட்டோம் என்று பொருள். மறுநாள் அது திரும்பும்போது எதிர்த்திசையில் இன்னொரு பத்து மடங்கு மாற்றம். மீனின் செவுள்கள் எந்நேரமும் நீரோடு அயனிகளைப் பரிமாறிக்கொண்டே இருப்பவை. நிலையான 8.2-க்கு அவை பழகிக்கொள்ளும். அன்றாடம் ஏறி இறங்கும் நீருக்குப் பழகுவது கடினம்.

இனி, பிஎச்சைப் பிடித்து நிறுத்திவைப்பது எது என்று பார்க்கலாம். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் வழியிலுள்ள சுக்கான்கல்லையும் பாறைக் கனிமங்களையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இதனால் நீரில் ஒருபுறம் கால்சியமும் மக்னீசியமும் சேர்கின்றன. மறுபுறம் பைகார்பனேட் சேர்கிறது. முதலாவதன் அளவைப் பொதுக் கடினத்தன்மை என்றும், இரண்டாவதன் அளவைக் கார்பனேட் கடினத்தன்மை என்றும் சொல்வார்கள். மீன் வளர்ப்போர் வழக்கில் அவை முறையே ஜிஎச், கேஎச். இரண்டையும் 'டிகிரி' என்ற அலகில் குறிப்பது வழக்கம். ஒரு டிகிரி என்பது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. டிகிரியில் இவை சுமார் 11, 33. பிஎச்சுக்கு அது விதித்திருக்கும் எல்லை 6.5 முதல் 8.5 வரை. ஆக, குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற நீரே மீன் நூல்களின் கணக்கில் 'மிகக் கடினமான நீர்' என்ற வரிசையில் இருக்கக்கூடும்.

பிஎச்சைப் பொறுத்தவரை முக்கியமானது கேஎச் தான். நீரில் அமிலம் விழுந்தால் பைகார்பனேட் அதை எதிர்கொண்டு, கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. இந்தக் கையிருப்பு இருக்கும்வரை பிஎச் பெரிதாக இறங்காது. சொட்டு மருந்து விட்டவுடன் தெரியும் இறக்கத்தில் பெரும்பகுதி, அப்போது உருவான கார்பன் டைஆக்சைடால் வருவது. ஏர் பம்பின் குமிழிகள் இரவு முழுக்க அந்த வாயுவைக் காற்றுக்கு வெளியேற்றுகின்றன. காலையில் வாயு போய்விட்டது, பைகார்பனேட்டில் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது. எனவே பிஎச் தன் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். பைகார்பனேட்டே முதன்மையாக உள்ள நீரில் பிஎச், கேஎச், கரைந்த கார்பன் டைஆக்சைடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரிந்துவிடும். கேஎச் 12 டிகிரி உள்ள தொட்டியில், லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கார்பன் டைஆக்சைடு இருந்தால், பிஎச் சுமார் 8.2 ஆக இருக்கும். அதே மீன்கள், அதே காற்றோட்டம், ஆனால் கேஎச் 3 என்றால் பிஎச் 7.6. கேஎச் 12-ஐ வைத்துக்கொண்டே பிஎச்சை 7-க்குக் கொண்டுவர வேண்டுமானால் லிட்டருக்குச் சுமார் 36 மில்லிகிராம் கார்பன் டைஆக்சைடைக் கரைத்து வைத்திருக்க வேண்டும். மீன்கள் மூச்சுத் திணறி மேற்பரப்புக்கு வரத் தொடங்கும் அளவு அது. எனவே தொட்டியின் பிஎச் நாம் விரும்பிய இடத்தில் நிறுத்திவைக்கக்கூடிய தனி எண் அன்று. கேஎச் மாறாமல் பிஎச் நிலையாக மாறாது.

இதே கணக்கு, புதியவர்களைக் குழப்பும் இன்னொரு காட்சியையும் விளக்குகிறது. மோட்டார் போட்டவுடன் குழாயில் பிடித்த போர் தண்ணீரை அளந்தால் 7.2 காட்டும், அதே நீர் தொட்டியில் ஒரு நாள் கழித்து 8.2 காட்டும். தொட்டியிலுள்ள ஏதோ ஒன்றுதான் பிஎச்சை ஏற்றுகிறது என்று எண்ணி மணலையும் கற்களையும் கழுவத் தொடங்கிவிடுவார்கள். நிலத்தடி நீரில் கார்பன் டைஆக்சைடு அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதே இதற்குக் காரணம். வெளியே வந்து காற்றுப் பட்டதும் வாயு பிரிகிறது, பிஎச் ஏறுகிறது. எனவே நீரின் உண்மையான பிஎச் தெரிய வேண்டுமானால், ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்பின் குமிழிக்கல்லைப் போட்டு, 24 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். வாளி நீரும் தொட்டி நீரும் ஒரே எண்ணைக் காட்டினால் தொட்டியில் குறை ஏதுமில்லை. தொட்டி நீரின் எண் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தால்தான் உள்ளே தேட வேண்டும்.

அளப்பதிலும் சில பொறிகள் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சொட்டுச் சோதனைகளில் பல, 6.0 முதல் 7.6 வரை மட்டுமே காட்டுபவை. நீரின் பிஎச் 8.6 ஆக இருந்தாலும் அவை கடைசி நிறமான நீலத்தையே காட்டும், பார்ப்பவர் 7.6 என்று குறித்துக்கொள்வார். போர் தண்ணீருக்கு 7.4-லிருந்து மேலே அளக்கும் உயர் வீச்சுச் சோதனைதான் தேவை. பேனா வடிவ மின்னணுக் கருவிகள் வசதியானவைதாம், ஆனால் தர நிர்ணயக் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. டிடிஎஸ் மீட்டர் என்பது முற்றிலும் வேறு கருவி. நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து ஓர் எண் சொல்லுமே தவிர, அதில் எவ்வளவு பைகார்பனேட், எவ்வளவு சாதாரண உப்பு என்று பிரித்துச் சொல்லாது. கடலோரப் பகுதிகளில் கடல்நீர் ஊடுருவியதால் டிடிஎஸ் ஏறியிருக்கும் நீரும், உள்நாட்டில் சுண்ணாம்பால் ஏறியிருக்கும் நீரும் அதற்கு ஒன்றுதான். என்னைக் கேட்டால், பணம் ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் கேஎச் சொட்டுச் சோதனையை வாங்கலாம். ஒரு குழாய் நீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ணினால் போதும். பெரும்பாலான சோதனைகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுத் தொட்டிக்கு முன்னால் பொருத்தப்பட்டிருக்கும் நீர் மென்மையாக்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், வாளியில் வெள்ளைப் படிவு குறையும், ஜிஎச் சோதனை 2 அல்லது 3 என்று காட்டும். ஆனால் பைகார்பனேட் அப்படியே இருப்பதால் கேஎச் மாறாது, பிஎச்சும் இறங்காது. மென்மையான நீர் கிடைத்துவிட்டது என்று நம்பி, அத்தகைய நீரை விரும்பும் டிஸ்கஸ் மீனை வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். மீன்களுக்கு வேண்டிய கால்சியமும் போய், காரத்தன்மையும் மிஞ்சிய இந்த நீரைவிட நேராக வந்த போர் தண்ணீரே மேல்.

சரி, 8.2 என்பது பிரச்சினையா? அது தொட்டியில் இருக்கும் மீனைப் பொறுத்தது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்களுக்குக் கடினமான கார நீர்தான் பிறந்த வீடு. மென்மையான நீரில் விட்டால்தான் அவற்றின் துடுப்புகள் சுருங்கி, உடல் தளர்ந்து போகும். ஆப்பிரிக்காவின் மாலாவி ஏரியில் பிஎச் 8-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. டாங்கனிக்கா ஏரியில் 9-ஐ நெருங்குகிறது. அந்த ஏரிகளின் சிச்லிட் மீன்களுக்காக மற்ற நாடுகளில் உப்புக் கலவை வாங்கித் தொட்டியில் கொட்டுகிறார்கள்; நமக்கு அது குழாயிலேயே வருகிறது. தங்க மீன், ரெயின்போ மீன்கள், ஜீப்ரா டேனியோ, பெரும்பாலான பார்ப் வகைகள், நம் கடலோரக் கழிமுகங்களைச் சேர்ந்த ஆரஞ்சு குரோமைட் ஆகியவையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். நத்தைகளின் ஓடு உறுதியாக இருப்பதற்கும் கால்சியம் மிகுந்த இந்த நீரே உதவும்.

இடைப்பட்ட ஒரு கூட்டமும் உண்டு. ஏஞ்சல், கௌராமி, பைட்டர், பல டெட்ரா வகைகள் இயற்கையில் மென்மையான நீரில் வாழ்ந்தாலும், கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை. சென்னை கொளத்தூர் அலங்கார மீன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்றது. அத்தகைய உள்ளூர்ப் பண்ணையின் நீரில் வளர்ந்த ஏஞ்சல் மீனுக்கு நம் வீட்டுப் போர் தண்ணீர் அந்நியமாக இருக்கப்போவதில்லை. கடைக்காரரிடம் விலை கேட்கும்போதே எந்தத் தண்ணீரில் வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டுவிடுவது நல்லது. இந்த மீன்கள் கடின நீரில் நலமாக வாழும். ஆனால் முட்டையிட்டால் பொரிப்பது குறையலாம். நியான், கார்டினல் போன்ற டெட்ராக்களைப் பெருக்க விரும்புவோருக்கும், காட்டில் பிடித்துக் கொண்டுவரப்பட்ட டிஸ்கஸ், ராம் சிச்லிட் வளர்ப்போருக்கும் மட்டுமே நீரை மாற்றுவது கட்டாயமாகிறது. கார்டினல் டெட்ராவின் தாயகமான ரியோ நீக்ரோ ஆற்றில் பிஎச் 5-க்கும் கீழே போகும்; சுண்ணாம்பே இல்லாத நீர் அது. நம் போர் தண்ணீருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை எந்தச் சொட்டு மருந்தாலும் கடக்க முடியாது.

கூடுதல் பிஎச்சில் உண்மையாகவே அஞ்ச வேண்டிய ஒன்று உண்டென்றால் அது அம்மோனியா. மீனின் செவுள்கள் வழியாகவும், மிஞ்சிய தீவனம் அழுகுவதாலும் அம்மோனியா நீரில் இடைவிடாது சேர்கிறது. அது இரண்டு வடிவங்களில் இருக்கும்: ஒன்று அம்மோனியம் அயனி, ஓரளவு தீங்கற்றது, மற்றது அயனியாகாத அம்மோனியா, செவுள்களை நேராக எரிப்பது. இரண்டுக்கும் இடையிலான பங்கீட்டை நிர்ணயிப்பது பிஎச்சும் வெப்பநிலையும். நம் ஊர்த் தொட்டிகளில் வழக்கமான 28 டிகிரி செல்சியஸில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8-இல் அது சுமார் 6.5 சதவீதம். பிஎச் 8.5-இல் சுமார் 18 சதவீதம். சோதனைக் கருவி காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும்தான். அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று காட்டினால், பிஎச் 7 உள்ள தொட்டியில் நச்சுப் பகுதி 0.007 மில்லிகிராம், 8.5 உள்ள தொட்டியில் 0.18 மில்லிகிராம். பல மீன்களின் செவுள்கள் 0.05 மில்லிகிராமிலேயே பாதிக்கப்படத் தொடங்கும் என்பதோடு ஒப்பிட்டால், முதல் தொட்டிக்காரர் நிதானமாகச் செயல்படலாம், இரண்டாவது தொட்டிக்காரருக்கு அந்த அவகாசம் இல்லை என்பது விளங்கும்.

எனவே கார நீரில் தொட்டி வைப்பவர் பிஎச்சைக் குறைக்கச் செலவிடும் அக்கறையை அம்மோனியா சேராமல் பார்ப்பதில் செலவிட வேண்டும். புதிய தொட்டியின் பில்டரில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை மீன்களை ஒரேயடியாக நிரப்பக் கூடாது. தீவனம் இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும். பில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்தெடுக்க வேண்டும். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பதும், செவுள் ஓரம் சிவந்து காண்பதும் அம்மோனியாவின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அப்போது முதல் மருந்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரைக் கொண்டு பாதித் தொட்டியை மாற்றுவதுதான்.

இந்த நீருக்கு ஒரு நன்மையும் இருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அதே பாக்டீரியாக்கள் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. கேஎச் குறைந்த நீரில் சில வாரங்கள் நீர் மாற்றத் தவறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, பிஎச் திடீரென்று 6-க்கும் கீழே சரியும், பாக்டீரியாக்களும் ஓய்ந்துவிடும். கேஎச் 10, 12 உள்ள போர் தண்ணீர்த் தொட்டியில் அந்தச் சரிவு எளிதில் நிகழாது.

வாளிச் சோதனையில் தொட்டியின் பிஎச் குழாய் நீரைவிடக் கூடுதல் என்று தெரிந்தால், காரணம் பெரும்பாலும் அலங்காரப் பொருள்களில் இருக்கும். பவளத் துண்டுகள், சங்கு, சிப்பி, சலவைக்கல் துண்டுகள், சுண்ணாம்புக்கல் ஆகியவை நீரில் மெல்லக் கரைபவை. ஐயமுள்ள கல்லை உலர்த்தி, ஓரத்தைச் சற்றுச் சுரண்டி, அதன்மேல் வினிகரை விட்டால் நுரைக்கிறதா என்று பார்க்கலாம். நுரைத்தால் அது கார்பனேட் கல். மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டி கட்டுபவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு பிஎச்சை 10-க்கு மேலும் ஏற்றக்கூடும். நீரை நிரப்பி, ஊறவைத்து, வடித்து, மீண்டும் நிரப்பி, எண் அடங்கிய பிறகே மீன் விட வேண்டும்.

வெயில்படும் தொட்டிகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பச்சைப் பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுவதால் பிஎச் மாலையில் உச்சத்துக்குப் போய், இரவில் இறங்கி, விடியற்காலையில் அடியில் நிற்கும். பச்சையாகிப்போன மொட்டைமாடித் தொட்டியில் மாலைப் பொழுதில் 9-ஐத் தாண்டுவது அரிதன்று. காலையில் மட்டும் அளப்பவர் இதைக் காணவே மாட்டார். இதற்கு மருந்து நிழல்: ஒரு பச்சை நிற நிழல்வலை, அல்லது மேற்பரப்பில் பாதியை மூடும் ஆகாயத்தாமரை.

இனி, குறைத்தே ஆக வேண்டியவர்களின் கேள்விக்கு வரலாம். அமிலம் ஊற்றுவது ஏன் பயன்படாது என்பது மேலே சொன்னதிலிருந்தே தெளிவு. பாஸ்பேட் கலந்த திரவமாக இருந்தால் அதனுடன் பாசி வளர்ச்சியும் இலவசம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் 'இயற்கையானவை' என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள்; இந்தக் கரிம அமிலங்களைப் பாக்டீரியாக்கள் தின்று முடித்ததும் இழந்த காரத்தன்மை திரும்பிவிடுகிறது, இடையில் நீர் கலங்கி ஆக்சிஜன்தான் குறைகிறது. நாட்டு வாதுமை இலையும் மரக்கட்டையும் நீரைத் தேநீர் நிறமாக்கும், மீன்களுக்கு ஒதுங்க இடம் தரும். கேஎச் 2, 3 உள்ள நீரில் பிஎச்சையும் ஓரளவு இறக்கும். கேஎச் 12-இல் நிறம் மாறுமே தவிர எண் அசையாது.

பயன்தரும் வழி ஒன்றுதான்: கேஎச் குறைந்த நீரைத் தொட்டிக்கு வெளியே கலந்து தயாரித்து, பிறகு உள்ளே விடுவது. வீட்டு ஆர்ஓ கருவியின் நீரில் கேஎச் மிகக் குறைவு. கேஎச் 12 உள்ள போர் தண்ணீரோடு சம அளவு ஆர்ஓ நீர் கலந்தால் கேஎச் 6, முன்பு 8.2 காட்டிய தொட்டி இப்போது 7.9 காட்டும். இவ்வளவு நீர் கலந்தும் 0.3 தானா என்று சலித்துக்கொள்வார்கள், ஆனால் மீனுக்குப் பெரிய மாற்றம் அந்த எண்ணில் இல்லை, பாதியாகக் குறைந்த கடினத்தன்மையில் இருக்கிறது. ஒரு பங்கு போர் தண்ணீர், மூன்று பங்கு ஆர்ஓ என்றால் கேஎச் 3, பிஎச் சுமார் 7.6, பெரும்பாலான டெட்ராக்களுக்கும் ஏஞ்சலுக்கும் இது தாராளம். முழுக்க முழுக்க ஆர்ஓ நீரை நிரப்புவது மறு எல்லை: கையிருப்பே இல்லாத நீரில் பிஎச் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீர் வீணாகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது, நாம் நீக்க விரும்பிய உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதே வேலையைச் செலவில்லாமல் மழைநீர் செய்யும். முதல் மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிப்போன பிறகு பிடித்த நீரை மூடிய டிரம்மில் சேமித்துக்கொள்ளலாம். கோடையில் இது இன்னொரு வகையில் பயன்படும். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் உள்ளேயே தங்கும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் ஈடுசெய்துகொண்டே இருந்தால் இரண்டு மூன்று மாதங்களில் கேஎச்சும் ஜிஎச்சும் குழாய் நீரைவிட வெகுவாக ஏறிவிடும். ஆவியாதலை ஈடுசெய்ய மழைநீரோ ஆர்ஓ நீரோ, வாராந்தர நீர் மாற்றத்துக்கு வழக்கமான கலவை என்று பிரித்துக்கொள்வது நல்லது. கலவையை மாற்றுவதானாலும் வாரத்துக்குக் கால் தொட்டி என்ற வேகத்தில், சில வாரங்களில் மெல்ல மாற்ற வேண்டும்.

ஊரின் நீராதாரமே மாறும் காலங்களில் கூடுதல் கவனம் தேவை. கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வந்தாலும், மெட்ரோ நீரும் போர் நீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்தாலும், முந்தைய வாரத்தின் கேஎச் இந்த வாரம் இருக்காது. நீர் மாற்றுவதற்கு முன் வாளியில் கேஎச் பார்த்துவிடுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கார நீரில் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடுவதால் புதுத் தளிர்கள் வெளிறிப்போகும்; இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்களில், ஈடிடிஏ பிணைப்புள்ள மலிவான இரும்பு உரத்தைவிட டிடிபிஏ பிணைப்புள்ளது இங்கே சற்று நீடித்து நிற்கும். வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவை இந்த நீரிலேயே செழிக்கும்.

கடைசியாக, மீனை வீட்டுக்குக் கொண்டுவரும் நேரம். அடைத்த பையில் மீன் விடும் மூச்சால் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்குகிறது; கூடவே அம்மோனியாவும் சேர்கிறது, ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது தீங்கற்ற அம்மோனியமாக உறங்கிக் கிடக்கிறது. பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த மீனுக்கு இது பொருட்டன்று. பையை மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நிதானமாகப் பழக்கலாம். வெளியூரிலிருந்து பார்சலில் ஒரு நாள் பயணப்பட்டு வந்த பையில் அதே முறையைக் கையாண்டால், பை திறந்ததும் வாயு வெளியேறி, 8.2 நீர் சேரச் சேர அந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக விழித்துக்கொள்ளும். மீன் தன் சொந்தக் கழிவிலேயே ஒரு மணி நேரம் வேக நேரிடும். அத்தகைய மீன்களுக்கு, பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலையை மட்டும் சமன்செய்து, திறந்த உடனே வலையில் வடித்துத் தொட்டியில் விடுவதே பாதுகாப்பு. பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அனுப்பியவரிடம் முன்கூட்டியே அவர் நீரின் டிடிஎஸ் அளவைக் கேட்டு, தனித் தொட்டி ஒன்றில் ஏறத்தாழ அதே அளவுக்கு நீரைக் கலந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் விளக்கும் தீவனமும் வேண்டாம். அடுத்த ஒரு வாரம் நாள்தோறும் அம்மோனியாவை அளந்து, 0.25-ஐத் தொட்டால் அன்றே பாதி நீரை மாற்றிவிட வேண்டும்.